உடல்நலப் பழக்கங்களும் சமூக ஊடகமும்: லைக் குவிகிறது, பழக்கம் மாறுகிறதா?

பதிவு 1 – வைகறை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றுகிறேன். முழங்கால் வலி, முதுகு வலி என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது நாள்தோறும் இருபது நிமிடப் பயிற்சி. அதைச் சொல்லிக் கொடுப்பது எளிது. அவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் அது தொடர வேண்டும் என்பதுதான் கடினம். அந்த இடைவெளியை நிரப்பலாம் என்ற நம்பிக்கையில் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பக்கத்தைத் தொடங்கி, வாரத்துக்கு மூன்று காணொளிகள் வீதம் வெளியிட்டு வந்தேன். ஃபாலோயர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள், லைக்குகளும் நன்றிச் சொற்களும் நிறைய வந்தன. நானும் பணி நடக்கிறது என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் பழைய நோயாளி ஒருவர் மீண்டும் வந்தார். என் காணொளி ஒன்றையும் விடுவதில்லை என்று சொல்லித் தம் கைப்பேசியைத் திறந்து, சேமித்து வைத்திருந்த பட்டியலைக் காட்டினார். விரலால் தள்ளத் தள்ள அது நீண்டுகொண்டே போயிற்று. நாற்பதுக்கு மேல் இருக்கும். இவற்றுள் எதைச் செய்து வருகிறீர்கள் என்று கேட்டேன். வலிக்கும் முழங்காலை உள்ளங்கையால் தடவியபடி, "நேரம் அமையட்டும் என்று பார்க்கிறேன் டாக்டர்" என்றார். சேமித்து வைத்ததே பாதி செய்து முடித்ததைப் போன்ற நிறைவை அவருக்குத் தந்துவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதன் பிறகு பதினோரு நோயாளிகளை மட்டும் கொண்டு ஒரு வாட்ஸ்அப் குழு அமைத்தேன். அங்கே காணொளி கிடையாது, காலை வணக்கப் படம் கிடையாது, ஃபார்வர்டு கிடையாது. பயிற்சியை முடித்தவர் "முடித்தேன்" என்று ஒரு சொல் எழுத வேண்டும், அவ்வளவே. ஒருவர் இரண்டு நாள் எழுதாவிட்டால், பட்டியலில் அவருக்கு அடுத்த பெயருடையவர் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிக்க வேண்டும். ஆறு மாதம் கழிந்த பின்னும் பதினோரு பேரில் ஏழு பேர் தொடர்கிறார்கள். இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் பக்கம் மூன்று ஆண்டுகளில் ஒருவரிடம்கூட இத்தகைய மாற்றத்தை என் கண்முன் காட்டியதில்லை. அப்படியானால் ஆயிரக்கணக்கானோரைச் சென்றடையும் பக்கத்தால் உண்மையில் என்ன பயன் என்பதே என் கேள்வி. மூடிவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 – தரவுத்தச்சன்

வைகறை அவர்களே, பக்கத்தை மூட வேண்டாம். அதைத் தவறான வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்பதே என் கருத்து. வலைப்பின்னல் தரவுகளை ஆராய்வது என் தொழில் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு செய்தி பரவுவதும் ஒரு பழக்கம் பரவுவதும் வெவ்வேறு வகையில் நடக்கின்றன. செய்தி தெரிய ஒருவர் வாயால் ஒருமுறை கேட்டால் போதும். பழக்கமோ நேரத்தையும் உழைப்பையும் கேட்கிறது. ஆகவே நமக்குத் தெரிந்த ஒருவர் செய்கிறார் என்பது மட்டும் போதாமல், இரண்டு மூன்று பேர் செய்வதைப் பார்த்த பிறகே பலரும் அதில் இறங்குகிறார்கள். இதை டேமன் சென்டோலா என்ற சமூகவியலாளர் 2010-ஆம் ஆண்டு சயின்ஸ் இதழில் வெளியிட்ட சோதனையில் காட்டினார். இணையத்தில் ஓர் உடல்நலத் தளத்தை அமைத்து, 1,528 பேரை இரண்டு வகை வலைப்பின்னல்களில் சேர்த்தார். ஒன்றில் ஒருவருடைய நண்பர்கள் ஒருவருக்கொருவரும் நண்பர்களாக இருந்தனர், அதாவது நெருக்கமான குழுக்கள். மற்றொன்றில் தொடர்புகள் தூர தூரமாகச் சிதறியிருந்தன. சிதறிய வலையில்தான் வேகமாகப் பரவும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் நெருக்கமான குழுக்களில் 54 விழுக்காட்டினரும், சிதறிய வலையில் 38 விழுக்காட்டினருமே அந்தத் தளத்தில் சேர்ந்தனர். நெருக்கத்தில் பரவல் விரைவாகவும் இருந்தது. உங்கள் பதினோரு பேர் குழு ஏன் நிலைத்து நின்றது என்பதற்கு விளக்கம் இங்கே இருக்கிறது என்று எண்ணுகிறேன்.

பெரிய பக்கத்துக்கு ஏற்ற வேலை வேறு. 2012-ஆம் ஆண்டு மே 1 அன்று ஃபேஸ்புக், தாம் உறுப்புக் கொடையாளர் என்பதைப் பயனர்கள் தம் பக்கத்தில் தெரிவிக்கவும், அங்கிருந்தே பதிவு செய்யும் தளத்துக்குச் செல்லவும் வசதி செய்தது. அமெரிக்காவில் அந்த ஒரே நாளில் 13,054 பேர் இணையத்தில் புதிதாகப் பதிவு செய்தனர். வழக்கமாக ஒரு நாளைக்கு 616 பேர் பதிவு செய்து வந்த இடம் அது. அடுத்தடுத்த நாட்களில் வேகம் தணிந்துவிட்டது, ஆனாலும் பதிவு செய்தவர்கள் செய்தவர்கள்தானே. ஒருமுறை முடிவெடுத்து ஒருமுறை செய்தால் போதும் என்ற செயல்களுக்குப் பெரும் பரப்பு பயன்படுகிறது: இரத்த அழுத்தத்தை அளந்து பார்ப்பது, தடுப்பூசி போட்டுக்கொள்வது, கண் பரிசோதனைக்கு நாள் குறிப்பது போன்றவை. நாள்தோறும் செய்ய வேண்டியவற்றை உங்கள் குழுவிடம் விடுங்கள். ஒருமுறை செய்ய வேண்டியவற்றைப் பக்கத்தில் போடுங்கள்.

பதிவு 3 – நீரிழிவோடு நான்

நீங்கள் எல்லோரும் அறிவுரை சொல்லும் பக்கத்திலிருந்து எழுதுகிறீர்கள். நான் அதைப் பெற்றுக்கொள்ளும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு நீரிழிவு கண்டறியப்பட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

கண்டறியப்பட்ட முதல் மாதத்திலேயே "21 நாளில் வாழ்க்கையை மாற்றுங்கள்" என்ற சவாலில் சேர்ந்தேன். நாள்தோறும் நடக்க வேண்டும், நடந்ததைப் படம் எடுத்துப் போட வேண்டும். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். பதின்மூன்றாம் நாள் எழுந்து பார்த்தால், என் பெயருக்கு நேரே தொடர்ச்சி அறுந்துவிட்டதாகக் காட்டி எண்ணிக்கை மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கியிருந்தது. அந்தச் சுழியத்தைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. இது நமக்கு ஆகாது என்று முடிவு கட்டி, ஏறத்தாழ ஓராண்டு நடக்கவே இல்லை.

பிறகு ஒரு செவிலியர்தான் எனக்கு உண்மையைச் சொன்னார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 96 பேர் ஆளுக்கொரு புதிய பழக்கத்தைத் தேர்ந்தெடுத்துப் பன்னிரண்டு வாரம் பின்பற்றினார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலையை எட்ட ஆன காலம் 66 நாளை ஒட்டி இருந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறினால் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கப்படுவதில்லை என்றும் அவர்கள் கண்டார்கள். இந்த ஒரு செய்தி அந்தச் சவாலை நடத்தியவர்களுக்குத் தெரிந்திருந்தால், என்னைச் சுழியத்தில் கொண்டு நிறுத்தியிருக்க மாட்டார்கள். நானும் ஓராண்டை இழந்திருக்க மாட்டேன்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தயவுசெய்து நாள் கணக்குச் சவால்களை வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால், தவறிய நாளை மன்னிக்கும் வகையில் வையுங்கள். மொத்தத்தில் எத்தனை நாள் நடந்தோம் என்பதை எண்ணுங்கள், எத்தனை நாள் தொடர்ந்து நடந்தோம் என்பதை எண்ண வேண்டாம்.

பதிவு 4 – மைதானம்

உடற்கல்வி ஆசிரியை என்ற முறையில் எனக்கு வேறொரு கவலை. இங்கே பெரியவர்களைப் பற்றியே பேச்சு போகிறது. என் மாணவிகள் உடல்நலம் என்ற பெயரில் கைப்பேசியில் பார்ப்பது பெரும்பாலும் உடல்களைத்தான். தட்டையான வயிறு, முறுக்கேறிய தோள், மேலே ஊக்கமூட்டும் ஒரு வாசகம். இத்தகைய படங்களைப் பார்த்தால் உடற்பயிற்சி செய்யத் தூண்டுதல் பிறக்கும் என்று நம்பித்தான் பலரும் பகிர்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மரிகா டிகமனும் மியா சக்கார்டோவும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் 130 மாணவிகளில் ஒரு சாராருக்கு இப்படிப்பட்ட படங்களையும், மற்றவர்களுக்குப் பயணப் படங்களையும் காட்டினர். உடற்பயிற்சிப் படங்களைப் பார்த்தவர்களுக்கு உடல்நலமாக வாழ வேண்டும் என்ற ஊக்கம் சற்று உயர்ந்தது உண்மைதான். ஆனால் அதே நேரத்தில் மனநிலை தாழ்ந்தது, தம் உடல் மீதான அதிருப்தி கூடியது, தோற்றம் குறித்த தன்மதிப்பு குறைந்தது.

இதை நான் நேரிலும் கண்டிருக்கிறேன். நன்றாக ஓடும் மாணவி ஒருத்தி மூன்று வாரங்களில் படிப்படியாகச் சோர்ந்தாள். நாலாம் சுற்றில் வளைவு திரும்பும்போது நின்று, முழங்கால்களில் கையூன்றிக் குனிந்துவிட்டாள். அருகில் போய் உட்கார வைத்துக் கேட்டேன். காலை உணவை விட்டுவிட்டதாகவும், தான் பின்தொடரும் ஓர் இன்ஃப்ளூயன்சர் அப்படித்தான் செய்வதாகவும் சொன்னாள். அவளைத் திட்டுவதற்கு என்ன இருக்கிறது? அவள் நலமாக வாழத்தான் முயன்றாள்.

2019 செப்டம்பரில் இன்ஸ்டாகிராம், எடைக் குறைப்புப் பொருட்களை வாங்கத் தூண்டும் பதிவுகளைப் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் காட்டுவதில்லை என்று விதி கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் எதையும் விற்காமல், உடலை மட்டும் காட்டிவிட்டுப் போகும் படத்தை அந்த விதி தொடாது. அங்கே பொறுப்பு பகிர்கிறவரிடம்தான் இருக்கிறது. எங்கள் ஓட்டக் குழுவின் பக்கத்தில் இப்போது முகமோ உடலோ வருவதில்லை. மழை நாளன்று ஓடி முடித்து வாசலில் வரிசையாகக் கழற்றி வைத்த, சேறு அப்பிய பதினான்கு சோடிக் காலணிகளை ஒரு மாணவி படம் எடுத்துப் போட்டாள். மறுவாரம் புதிதாக ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி, "அந்தக் காலணிகளுக்கு நடுவில் என்னுடையதையும் வைக்கலாம் போலத் தோன்றியது மிஸ்" என்றாள். செயலைக் காட்டுங்கள், உடலைக் காட்டாதீர்கள் என்று உடல்நலப் பக்கம் நடத்தும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு 5 – எட்டுவைப்பவன்

எல்லோரும் போட்டியை ஒதுக்குவது போலத் தெரிவதால் ஒரு மாற்றுக் கருத்து. நான் நடப்பதே அலுவலகக் குழுவின் தரவரிசைப் பட்டியலில் என் பெயர் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான். ஆய்வும் என் பக்கம் இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 790 பேரை வைத்து நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், போட்டிப் பட்டியல் காட்டப்பட்டவர்கள் உடற்பயிற்சி வகுப்புகளுக்கு மிக அதிகமாக வந்தார்கள். ஒருவரையொருவர் ஊக்கப்படுத்தும்படி மட்டும் சேர்த்து வைக்கப்பட்ட குழுவினரோ போட்டிக் குழுக்களைவிட வெகுவாகப் பின்தங்கிவிட்டார்கள். அன்பான சொற்கள் மட்டும் காலை நகர்த்துவதில்லை. வைகறை ஐயா இதற்கு என்ன சொல்கிறார்?

பதிவு 6 – வைகறை

நேர்மையான கேள்வி, மறுக்க முடியாத முடிவும்கூட. அந்த ஆய்வாளர்கள் தந்த விளக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊக்கக் குழுவில் ஒதுங்கியிருப்பவர்கள்மேல் கவனம் விழுகிறது. மற்றவர்களும் மெல்ல மெல்ல அவர்கள் அளவுக்கு இறங்கிவிடுகிறார்கள். போட்டிப் பட்டியலில் முன்னே இருப்பவர்கள்மேல் கண் போகிறது. என் குழுவில் அமைதி கவனிக்கப்படாமல் கிடப்பதில்லை, இரண்டாம் நாள் அழைப்பு போய்விடுகிறது என்பதால்தான் அந்தச் சரிவு நேரவில்லை என்று கருதுகிறேன். உறுதியாகச் சொல்ல என்னிடம் பதினோரு பேர்தான் இருக்கிறார்கள்.

ஆனாலும் போட்டியைப் பற்றி என் மருத்துவ அறையிலிருந்து ஒன்று சொல்லியாக வேண்டும். தரவரிசைக்காக இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்கூடத்தில் சுற்றிச் சுற்றி நடந்து, குதிகால் வலியோடு வருபவர்களை நான் பார்க்கிறேன். கேட்டால், பத்தாயிரம் எட்டு, அதாவது பத்தாயிரம் காலடி, நிறைய வேண்டும் என்பார்கள். அந்தப் பத்தாயிரம் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்த எண் அல்ல. 1965-ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த எட்டு எண்ணும் கருவிக்கு மான்போ-கெய், அதாவது பத்தாயிரம் எட்டு மானி என்று பெயர் வைத்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. ஐ-மின் லீ தலைமையில் 2019-இல் வெளியான ஆய்வில், சராசரி வயது 72 ஆன 16,741 பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். நாளுக்கு ஏறத்தாழ 2,700 எட்டு நடந்தவர்களைவிட 4,400 எட்டு நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவாக இருந்தது. 7,500 அளவில் அந்தப் பயன் சமநிலையை எட்டிவிட்டது. என் வயதான நோயாளிகளுக்கு இதைச் சொன்னால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். எட்ட முடியாத எண்ணைக் கண்டு உட்கார்ந்துவிட்டவர்கள், எட்டக்கூடிய எண்ணைக் கண்டால் எழுந்து நடக்கிறார்கள்.

போட்டி வேண்டுமென்றால் சென்ற வாரத்து நம்மோடு வைத்துக்கொள்ளலாம், அல்லது குழுவுக்கும் குழுவுக்கும் வைக்கலாம். வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த அளவு, வாரக் கணக்கில்தான் இருக்கிறது. மூன்றாம் பதிவில் நம் நண்பர் வேதனையோடு சொன்னது இங்கேயும் பொருந்துகிறது: வாரத்தை எண்ணினால் ஒருநாள் தவறுவதற்கு இடம் இருக்கும்.

பதிவு 7 – இரவுப்பணிச் செவிலி

பழக்கத்தை வளர்ப்பதைப் பற்றிப் பேசும்போதே, சமூக ஊடகம் கெடுக்கும் பழக்கத்தையும் பேசிவிட வேண்டும். எங்கள் பிரிவுக்கு ஒரு பெரியவர் தலைசுற்றலோடு வந்தார். இரத்த அழுத்தம் மிக உயர்ந்திருந்தது. மாத்திரையை நிறுத்திப் பத்து நாள் ஆயிற்று என்றார் அவருடைய மகள். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த ஒரு ஃபார்வர்டு, மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று சொல்லியிருந்ததாம். உயர்ந்த அழுத்தத்தைக் கவனிக்காமல் விடுவதுதான் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதை அந்தப் படுக்கையருகே நின்று விளக்க வேண்டியிருந்தது. அதை அனுப்பியவர் அவருடைய சொந்தத் தம்பி. அண்ணன்மேல் உள்ள அக்கறையால் அனுப்பியவர்.

ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018-இல் சயின்ஸ் இதழில் வந்த கட்டுரை, பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 விழுக்காடு அதிகம் என்று கண்டது. அரசியலில் இது மிகுதி என்றாலும் மற்றத் துறைகளும் தப்பவில்லை. பலமுறை ஃபார்வர்டு ஆன செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் 2020 ஏப்ரலில் கட்டுப்பாடு வைத்தது. ஆனால் தம்பி அண்ணனுக்கு அனுப்ப ஓர் உரையாடல் போதுமே.

நான் கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. குடும்பக் குழுவில் தவறான மருத்துவச் செய்தி வந்தால், குழுவிலேயே மறுத்து எழுதுவதில்லை. அனுப்பியவர் பெரும்பாலும் வயதில் மூத்தவர். பலர் முன்னிலையில் திருத்தினால் அவர் மனம் நோகும், பிறகு செய்தியை நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவார். தனியாக அழைத்துப் பேசுவேன். "பெரியப்பா, நீங்கள் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள், அதனால் நீங்களே திருத்தி எழுதிவிடுங்களேன்" என்பேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை. அவர் கையால் வரும் திருத்தத்துக்கு இருக்கும் மதிப்பு, என் விளக்கத்துக்கு ஒருபோதும் கிடைக்காது.

மற்றொன்று, பதிவிடும் நேரம். நன்றாகத் தூங்குவது எப்படி என்று நள்ளிரவில் ரீல்ஸ் போடுகிறார்கள். அதைப் பார்ப்பவர் விழித்திருக்கிறார். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது உறக்கம் வேண்டும் என்பதை உண்மையாகவே விரும்புகிறவர்கள், மாலைக்குப் பிறகு எதையும் வெளியிடாமல் இருப்பதே அதற்குச் செய்யும் முதல் உதவி.

பதிவு 8 – தரவுத்தச்சன்

ஓட்டக் குழுக்கள் நடத்துவோருக்கு ஒரு சிறு எச்சரிக்கை. ஓடிய பாதையின் வரைபடத்தைப் பகிரும்போது, தொடங்கும் இடம் பெரும்பாலும் ஒருவருடைய வீட்டு வாசலாகவே இருக்கும். ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில், ஓடிய படைவீரர்களின் தடங்கள் வழியாக இராணுவத் தளங்களின் அமைப்பே வெளிப்பட்டது என்று 2018 தொடக்கத்தில் பெரும் விவாதம் எழுந்தது. மாணவிகள் குழுவில் வரைபடமே வேண்டாம். காலணிப் படம் எவ்வளவோ மேல்.

பதிவு 9 – வைகறை

அனைவருக்கும் நன்றி. பக்கத்தை மூடவில்லை. இனி அதில் மாதத்துக்கு ஒரே ஒரு பதிவு. அதுவும் இரத்த அழுத்தம் அளப்பது போல ஒருமுறை செய்து முடிக்கக்கூடிய செயலுக்கு. பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்ததில் நானும் ஒரு "21 நாள்" சவால் வைத்திருந்தது தெரிந்தது. நீக்கிவிட்டேன். அதில் சேர்ந்து பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் குழுவில் நின்றுபோன நால்வரைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. நானும் அதுவரை கேட்டதில்லை. மூன்றாம் பதிவைப் படித்த பிறகு அவர்களுள் ஒருவரை இன்று மாலை அழைத்துப் பேசினேன். பயிற்சி பிடிக்காமல் விலகவில்லையாம். மற்றவர்கள் வரிசையாக "முடித்தேன்" என்று எழுதும்போது தம் மௌனம் எல்லோர் கண்ணிலும் படுகிறதே என்று கூசினாராம். இரண்டாம் நாள் வரும் நலம் விசாரிப்பு அழைப்பு அவருக்கு விசாரணையாகவே கேட்டதாம். என் குழுவின் வலிமை என்று எதைப் பெருமையோடு முதல் பதிவில் எழுதினேனோ, அதுவே அவரை வெளியேற்றியிருக்கிறது.

குழு வேண்டாம், எனக்கு மட்டும் தனியாக எழுத முடியுமா என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எழுதாத நாளில் அழைக்க மாட்டீர்கள் என்றால் எழுதுகிறேன் என்றார். ஒப்புக்கொண்டேன்.

பதிவு 10 – நீரிழிவோடு நான்

வைகறை ஐயா, மீதி மூவரையும் அழைத்துப் பேசுங்கள். அவர்கள் சொல்வதையும் இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.